தொண்ணூற்று மூன்று மதிப்பெண் தனிமை

அல்கோர்வா நகராட்சியின் மக்கள்தொகை பதினான்கு. அதில் பதின்மூன்று பேர் அங்கே வசிக்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, மலைச்சரிவில் கல்வீடு இருக்கிறது, வீட்டுக்கு நல்ல பூட்டும் இருக்கிறது. ஆள் மட்டும் சரகோசாவிலோ பார்சலோனாவிலோ இருப்பார். ஆகஸ்டில் திருவிழாவுக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ஆகா, என்ன காத்து!” என்று ஒரு மாதம் சொல்லிவிட்டு, செப்டம்பர் பிறந்ததும் காற்றை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மேயர் நிக்கனோரும் அப்படித்தான். நகராட்சியின் முத்திரையை அவர் தன் காரிலேயே வைத்திருந்தார். ஆகவே சட்டப்படி பார்த்தால் நகராட்சி அவர் போகுமிடமெல்லாம் கூடவே போய்வந்தது.

மிச்சமிருந்த ஒருத்தி கசில்தா. எழுபத்து நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்தாள். சாப்பிடப் பிள்ளைகள் இல்லாமல் போனதும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். இப்போது ஆறு கோழிகள் வைத்திருந்தாள்.

போன ஜனவரி வரைக்கும் அவளுக்குத் தனிமை என்ற பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டில் லியோன்சியா இருந்தாள். புருஷன் போய் இருபது வருஷம் ஆனவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரைத் தட்டியே ஐம்பத்தோரு வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து லியோன்சியாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவளைக் கீழே தோர்லான் ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே மாதத்தில், செவ்வாய்க்கிழமை தோறும் தோர்லானுக்குப் போய்வந்த பஸ்ஸையும் நிறுத்தினார்கள். பயணிகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான். இரண்டு பேரில் ஒருத்தி குறைந்திருந்தாள்.

ரொட்டி வண்டிக்காரர் தோர்லான் வரை இறக்கிவிடத் தயாராக இருந்தார். ஆனால் அவர் திரும்பி வருவது அடுத்த வியாழக்கிழமை. ஆகவே தினமும் மாலை ஐந்து மணிக்கு கசில்தா போன் செய்தாள். இருவரும் அவரவர் இடத்தில் ஒரே டிவி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

“ஏன்டி, அவன் போட்டிருக்கிற கோட்டைப் பாத்தியா? என் வீட்டுத் திரைச்சீலையத் திருடித் தெச்சிருக்கான்” என்பாள் லியோன்சியா.

“உன் திரைச்சீலைல கரப்பான் ஓட்டை இருக்கும். இதுல இல்லையே.”

“வாயப் பாரு. நேர்ல வா, வச்சுக்கறேன்.”

“வரத்தான் பஸ் இல்லியேடி.”

இப்படியே செப்டம்பர் வந்தது. மேயர் நிக்கனோர் சரகோசாவிலிருந்து போன் செய்தார்.

“கசில்தா அத்தே, ஒரு நல்ல சேதி. மாகாணத்துல விரும்பாத் தனிமை ஒழிப்பு அலுவலகம்னு புதுசா ஒண்ணு தொறந்திருக்காங்க. ஒவ்வொரு மலை ஊரப் பத்தியும் முழு விவரம் எழுதிப் புத்தகம் போடப்போறாங்களாம். பரப்பளவு, உயரம், கழுகு எத்தனை, தனிமை எவ்வளவு, எல்லாம்.”

“பஸ் வருமா?”

“அதுக்குத்தான் சொல்றேன். தனிமை எழுபது மார்க்குக்கு மேல இருந்தா ‘கடுமை’. கடுமைன்னா பஸ் உண்டு.”

“நான் ஒருத்திதானப்பா இருக்கேன். இதுக்கு மேல என்ன கடுமை?”

“அது நமக்குத் தெரியும் அத்தே. ஆபீஸுக்குத் தெரியணுமில்ல?”

தெரிந்துகொள்ள ஆபீஸ் ஒரு அம்மாளை அனுப்பியது. பெயர் கஸ்கோன், மதிப்பீட்டாளர். ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் சால்வை, கையில் எழுத்துப் பலகை போல ஒரு டேப்லெட். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமல் ஆரம்பித்தாள்.

“போன வாரம் எத்தனை பேர்கிட்ட பேசினீங்கம்மா?”

“ரொட்டிக்காரர்கிட்ட. தபால்காரர்கிட்ட. லியோன்சியாகிட்ட தினம். அப்புறம் கோழிங்ககிட்ட.”

“கோழிங்க பதில் சொல்லுமா?”

“சொல்லாமலா?”

“அப்ப ரெண்டு மார்க் கொறையும்.”

“சரி, சொல்லாதுன்னு போட்டுக்கம்மா.”

“மொதல்ல வாய்ல வந்ததைத்தான் போடணும். இந்தத் தனிமை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

“யாருக்குப் பிடிக்கும்?”

“சிலருக்குப் பிடிக்கும். துறவிங்க, கவிஞருங்க. அவங்களுக்கு வேற ஆபீஸ்.”

ஐம்பது நிமிஷம் கேள்வி கேட்டுவிட்டு கஸ்கோன் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்று வந்தது. மிதமான தனிமை. மிதமான தனிமைக்கு பஸ் கிடையாது, சிரித்த முகங்கள் அச்சடித்த நாட்காட்டி ஒன்று உண்டு. அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“நாப்பத்தேழு வந்திருக்கும். இப்ப நாம பேசினோமே, அதுவும் உரையாடல்தான். அதுல ஆறு போயிருச்சு” என்றாள் வருத்தத்தோடு.

“நீதானம்மா பேச்சக் குடுத்த?”

“கேள்வி கேக்காம எப்படி மதிப்பிடறது?”

கசில்தா அவள் பின்னாலேயே வாசல் வரை வந்து, “உன் காரு தோர்லான் வழியாத்தான போகுது? என்னையும் ஏத்திக்கயேன்” என்று கேட்டாள்.

“பயனாளியை அலுவலக வண்டில ஏத்தக்கூடாதும்மா. ஏத்தினா வழியில பேசுவோம். மார்க் இன்னும் எறங்கிரும்.” கார்க் கதவைத் திறந்தவள் கொஞ்சம் தயங்கினாள். “மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடுங்க. முப்பது நாள் கண்காணிப்புல வைப்பாங்க.”

எழுதிக் கொடுத்தாள். அக்டோபர் ஒரு நாள் தபால்காரர் பதிவுத் தபால் கொண்டுவந்தார். வழக்கம்போல நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரித்துப் படித்தாள். கையெழுத்திட்ட நொடியிலிருந்து கண்காணிப்புக் காலம் தொடங்குகிறது. இந்த முப்பது நாளும் பயனாளி எவரோடும் பேசலாகாது. தொலைபேசியில் பேசுவது, வரும் அழைப்பை எடுப்பது, கடிதம் எழுதுவது, மூன்றாம் நபர் மூலம் சொல்லி அனுப்புவது, எல்லாமே தொடர்பு எனக் கொள்ளப்படும். தொடர்பு ஏற்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ஓராண்டு கழித்தே மறுபடி விண்ணப்பிக்கலாம்.

கசில்தா பதறி தெருவுக்கு ஓடினாள். “நில்லுங்க! அந்தக் கையெழுத்த—” என்று பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரர் ஸ்கூட்டரில் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது போல. உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, தலைக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ரொட்டிக்காரர் ரொட்டியைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஹாரனைக்கூட அழுத்தாமல் போனார். மாதம் ஒருமுறை வரும் பாதிரியாருக்குத்தான் சிக்கல் வந்தது. பூசையில் அவர் சொல்வதற்கு சபையார் பதில் சொல்லவேண்டும். சபையார் என்றால் கசில்தா. இது உரையாடலா என்று அவர் எழுதிக் கேட்க, ஆபீஸின் சட்டப்பிரிவு ஒன்பது பக்கத்தில் பதில் போட்டது. கடவுளோடு பேசுவது தொடர்பு ஆகாது, ஏனெனில் மறுமுனையில் பதில் வந்ததற்குப் பதிவு இல்லை. பாதிரியாரோடு பேசுவது தொடர்பு. ஆகவே அந்த ஞாயிறு பாதிரியார் “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று சொல்லிவிட்டு, இரண்டடி நகர்ந்து நின்று, “உம்மோடும் இருப்பாராக” என்று தானே சொல்லிக்கொண்டார். கசில்தா முதல் பெஞ்சில் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன்தான் பெரிய பாடாக இருந்தது.

முதல் நாள் ஐந்து மணிக்கு கசில்தா போன் செய்யவில்லை. ஐந்தேகாலுக்கு அது அடித்தது. லியோன்சியாவைத் தவிர வேறு யாரும் இல்லை. கசில்தா ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பதினோரு முறை மணியடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. “கோவிச்சுக்காதடி, உனக்காகத்தான்” என்று போனைப் பார்த்துச் சொன்னாள். ரிசீவரை எடுக்காததால் அது கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள் இரண்டு முறை. கசில்தா அந்த நேரத்தில் கோழிக்கூண்டுக்குப் போய்விடப் பார்த்தாள், அங்கேயும் கேட்டது. அந்த ஊரில் வேறு சத்தமே இல்லையே, கேட்காமல் என்ன செய்யும்? டிவியில் அதே கோட்டுக்காரன் வந்தான். அவனைப் பற்றிச் சொல்ல ஆளில்லாததால் டிவியை அணைத்துவிட்டாள். ஒரு மாலை, பழக்கத்தில் எழுந்துபோய் நடுச்சுவரை மூன்று தட்டுத் தட்டினாள். சுவர் கல்லாகவே இருந்தது.

பன்னிரண்டு நாள் போன் அடித்தது. பதின்மூன்றாம் நாள் ஐந்தேகால் ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, அடிக்கவில்லை. கசில்தா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

இருபதாம் நாள் கஸ்கோன் இடைக்கால ஆய்வுக்கு வந்தாள். அவள் வருகையே தொடர்பாகிவிடக்கூடாது என்பதால் வாய்திறக்காமல் ஆய்வு செய்ய உத்தரவு. அடுப்பங்கரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கஸ்கோன் ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: தனிமையாக உணர்கிறீர்களா? கசில்தா ஆமென்று தலையை ஆட்டினாள். அடுத்த தாள்: சென்ற மாதத்தைவிட அதிகமாகவா? கசில்தா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு ஆட்டினாள். கஸ்கோன் குறித்துக்கொண்டாள்.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கஸ்கோன் எழுந்திருக்கவில்லை. கசில்தா பாதாம் கேக்கை வெட்டி வைத்தாள். இந்த முறை கஸ்கோன் காபியையும் குடித்தாள், இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டாள். அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, கஸ்கோன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அறிக்கையில் ‘ஆய்வு நேரம்: பதினைந்து நிமிடம்’ என்று போட்டாள்.

முப்பது நாள் முடிந்தது. ஆனால் முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும்வரை தடை நீடிக்கும் என்று இன்னொரு கடிதம் வந்தது. முடிவு நவம்பர் கடைசியில், ஊர்ச் சதுக்கத்தில், மேடை போட்டு அறிவிக்கப்பட்டது. அல்கோர்வா: தொண்ணூற்று மூன்று. மாகாணத்திலேயே முதலிடம்.

மூன்று வேன்களில் அறுபது பேர் வந்தார்கள். தோர்லானிலிருந்து பேண்டு வாத்தியம் வந்தது. அல்கோர்வாவின் விவரப் புத்தகம் வெளியிடப்பட்டது. அட்டைப்படத்தில் கசில்தா, முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். விழா நாளில் அவளிடம் யார் பேசலாம் என்ற கேள்விக்கு ஆபீஸ் முன்கூட்டியே சுற்றறிக்கை விட்டிருந்தது. மேடைப்பேச்சு தொடர்பு ஆகாது. கேட்பவர் பதில் சொல்ல வழியில்லாததால். ஆகவே எல்லோரும் ஒலிபெருக்கி வழியாகவே அவளை வாழ்த்தினார்கள்.

மேயர் நிக்கனோர் நெஞ்சில் கைவைத்துப் பேசினார். “அல்கோர்வாவுல வாழுற நாங்க யாரும் இந்த நாள மறக்கமாட்டோம். பக்கத்து ஊருக்காரங்க எழுபத்தெட்டு வாங்கிட்டு என்ன ஆட்டம் ஆடினாங்க! இன்னைக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க?” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் பாதையில் பனி உறையும்.

அலுவலகத்தின் இயக்குநர் அர்ருவேகோ கடைசியாக எழுந்தார்.

“நண்பர்களே! மூணு வருஷத்துக்கு முன்னால இந்த மாகாணத்துல தனிமை இருந்துச்சா? யாருக்கும் தெரியாது. ஒரு படிவம் இல்ல, ஒரு மதிப்பெண் இல்ல. மக்கள் அவங்கவங்க இஷ்டத்துக்கு, முறையில்லாம, தனியா இருந்தாங்க. இன்னைக்கு? மூணு மாடிக் கட்டடம். நாப்பத்தேழு பேர் வேலை பாக்கறோம். எங்க ஆபீஸ்ல ஒருத்தரக்கூட தனியா பாக்க முடியாது. ஒரு ரூமுக்கு நாலு பேரு, சாயங்காலம் கேக்கு, வெள்ளிக்கிழமை சேந்து சாப்பாடு. தனிமைய எப்படி ஒழிக்கிறதுன்னு தெரிஞ்சுக்கணும்னா எங்க ஆபீஸ வந்து பாருங்க!” கைதட்டல். “இந்தத் தொண்ணூத்து மூணு தானா வந்ததில்ல. நாப்பத்தொண்ணுல இருந்தவங்க கசில்தா அம்மையார். எங்க வழிகாட்டுதல் இல்லேன்னா அவங்களால இவ்வளவு தூரம் வந்திருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க!”

அறுபது பேரும் முடியாது என்றார்கள். கசில்தாவின் கையில் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள், பேண்டு இரண்டு பாட்டு வாசித்தது. மூன்றரைக்கெல்லாம் வேன்கள் இறங்கிப் போய்விட்டன. சதுக்கத்தில் காகிதக் கோப்பைகள் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. கசில்தா சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்த்தாள். இப்போது பேசலாமா, பேசினால் கிடைத்த பஸ் போய்விடுமா? யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை, கேட்பதும் தொடர்புதானே. எப்படியும் செவ்வாய்க்கிழமை நேரில் பார்த்துவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய் காலை பஸ் வந்தது. புத்தம்புதுசு, முப்பத்தைந்து இருக்கை. பழைய பஸ்ஸை ஓட்டிய அதே அனிசேதோதான் ஓட்டிவந்தார். கசில்தா ஏறியதும் அவர் முகம் மலர்ந்தது. வாயைத் திறக்கப் போனவர், சட்டென்று தலைக்கு மேலிருந்த அட்டையைக் காட்டினார். ஓட்டுநருடன் பேசக்கூடாது. பழைய பஸ்ஸிலும் அந்த அட்டை இருந்தது. அப்போதெல்லாம் அதன்மேல் லியோன்சியா சால்வையை மாட்டிவிடுவாள். இதில் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தார்கள்: ஓட்டுநரும் பேசக்கூடாது.

பதினொரு மணிக்குத் தோர்லான். முதியோர் இல்லத்து வரவேற்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“லியோன்சியாவப் பாக்கணும்மா. நான் கசில்தா, அல்கோர்வாவுலேருந்து.”

“லியோன்சியா அம்மாவா? அவங்க போன வாரமே போயிட்டாங்களே!”

கசில்தா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, அப்படி இல்லம்மா. தலைநகருக்கு மாத்திட்டாங்க, தோழமை மையத்துக்கு. இங்க ஒரு மாசத்துக்கு மேல அவங்களுக்கு ஒரு போன் வரல, பாக்க ஒரு ஆள் வரல. தினம் அஞ்சு மணிக்கு அந்த நாற்காலிய போன்கிட்ட இழுத்துப்போட்டு உக்காந்துக்குவாங்க. எங்களுக்கே பாவமா இருக்கும். தனிமை ஆபீஸ்லேருந்து வந்து கணக்கெடுத்தாங்க. தொண்ணூத்தாறு.”

“தொண்ணூத்தாறா?” என்றாள் கசில்தா.

“ஆமா. தொண்ணூத்தஞ்சு தாண்டினா அவசரக் கேஸ். உடனே கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“திரும்ப வருவாளா?”

“மார்க் எறங்கினா திருப்பி இங்கயே அனுப்பிடுவாங்க. யாராவது தினம் போன் பண்ணி பேசினாலே எறங்கிரும்.”

“நான் பேசறேன். இன்னைலேருந்தே பேசறேன்.”

அந்தப் பெண் கணினியில் எதையோ பார்த்தாள். “நீங்க தொண்ணூத்து மூணு இல்ல? நீங்க பேசினா உங்க மார்க்கும் எறங்குமேம்மா. பஸ்ஸ நிறுத்திருவாங்க.”

கசில்தா இதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப்பார்த்தாள். பஸ் இருந்தால் தோர்லானில் லியோன்சியா இல்லை. தோர்லானில் லியோன்சியா இருந்தால் பஸ் இல்லை.

“நம்பர் போட்டுக் குடும்மா” என்றாள்.

போட்டுக் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்து மறுமுனையில் அந்தக் குரல் வந்தது.

“யாரு?”

“நான்தான்டி.”

“எந்த நான்?”

“கசில்தா.”

“அப்படி ஒருத்தி இருந்தா. செத்துப்போயிட்டா. மெழுகுவத்திகூட ஏத்திட்டேன்.”

“அடியே, போன எடுக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கடி. எடுத்தா பஸ் கெடையாதுன்னுட்டாங்க.”

“பஸ் உனக்கு எதுக்கு?”

“உன்னப் பாக்க வர்றதுக்கு.”

அந்தப் பக்கம் பின்னால் பலபேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது.

“வந்துச்சா?” என்று கேட்டாள் லியோன்சியா.

“வந்துச்சு. தோர்லான்லதான் நிக்கறேன்.”

“நான் அங்க இல்லியேடி.”

“தெரியுது.”

“இங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. ஒருத்தி பேரும் இன்னொருத்திக்குத் தெரியாது. தினம் ஒரு பொண்ணு வந்து கையத் தட்டச் சொல்றா.”

“தட்டறியா?”

“தட்டலேன்னா இங்கேயே வச்சுக்குவாங்களாம்.”

“அப்ப நல்லா தட்டு. நான் தினம் அஞ்சு மணிக்கு—”

லைன் கட்டானது. ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் என்று வரவேற்புப் பெண் சொன்னாள். கசில்தா அவளுக்கு நன்றி சொல்லி, லியோன்சியாவுக்கென்று கொண்டுவந்த பாதாம் கேக் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு மணிக்கு பஸ் புறப்பட்டது. முப்பத்தைந்து இருக்கையில் கசில்தா கடைசி ஜன்னலில் உட்கார்ந்தாள். ஆற்றுப்பாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டு வளைவு போனபின் எழுந்து, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, அனிசேதோவுக்கு நேர் பின்னால் அட்டைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

“லியோன்சியாவத் தெரியுமில்ல உங்களுக்கு? சால்வை மாட்டுவாளே. அவ இப்ப தோர்லான்ல இல்ல” என்று ஆரம்பித்தாள்.

அனிசேதோ கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.

கசில்தா சொன்னாள். பன்னிரண்டு நாள் போன் அடித்ததைச் சொன்னாள். பதின்மூன்றாம் நாள் அடிக்காததைச் சொன்னாள். பாதிரியார் தனக்குத்தானே பதில் சொன்னதைச் சொன்னபோது சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றவும் நிறுத்திக்கொண்டு, மறுபடி சொன்னாள். தொண்டை வறண்டது, ஆனாலும் சொன்னாள். வெளியே பைன் மரங்களும் பூட்டிய பண்ணை வீடுகளும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. மெதுவாகத்தான் போகின்றன என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்தே உறைத்தது. நாற்பது நிமிஷப் பாதை. அனிசேதோ மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார்.

அல்கோர்வா சதுக்கத்துக்கு வந்து சேரும்போது மணி மூன்றரை தாண்டியிருந்தது. பஸ் நின்றது, கதவு திறந்தது. கசில்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே யாரும் இல்லை.

“அவ்வளவுதான். இன்னும் இருக்கு, ஆனா உங்களுக்கு நேரமாகுது” என்றாள்.

அனிசேதோ கதவை மூடினார். எஞ்சினை அணைத்தார். இருக்கையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

“அப்புறம்?” என்றார்.